நீர் இறங்காத கால்

ஆஸ்பத்திரியில் முதல் தடவை துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பியபோது நீக்கிலாப்பிள்ளை சைக்கிள் பாரில் இருந்தபடி வந்தார். மகன் தேவராசா சைக்கிளை உருட்ட, மனைவி லூர்த்தம்மா பின்னால் நடந்து அவருடைய முதுகைத் தாங்கிக்கொண்டு வந்தாள். காருக்குப் பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் ஓடுகிற கார்க்காரனும் குருநகர்ப் பக்கம் என்றால் செல் குண்டுக்குப் பயந்து வரமாட்டான். குலுங்கினால் மனிசனுக்கு மூச்சு முட்டும் என்பதால் குண்டும் குழியுமான றோட்டில் மூன்று பேரும் பூசைக்குப் போகிறவர்கள் மாதிரி மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார்கள்.

இருதயம் களைத்துவிட்டது என்று டொக்டர் சொல்லியிருந்தார். களைத்த இருதயத்தால் நீரை இறைக்க முடியாது. அது காலிலும் நெஞ்சிலும் கட்டிக்கொள்ளும். உப்பைக் குறைக்கவேண்டும், தண்ணீர் அளவாகத்தான் குடிக்கவேண்டும், மூத்திரம் போகிற குளிசையை விடக்கூடாது, மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வரவேண்டும். இவ்வளவையும் அவர் கட்டிலுக்குக் கட்டில் நடந்தபடியே சொல்லிமுடித்தார். அந்த வாட்டில் கட்டிலில் ஒருவர், கட்டிலுக்குக் கீழே பாயில் ஒருவர். செல்பட்டு வந்தவர்களுக்கு வெட்டிக் கட்டவே ஆளில்லாத இடத்தில் கிழவனுடைய கால் வீக்கத்துக்கு யார் கதிரை போட்டு இருந்து கதைப்பார்கள்? சொன்னதே பெரிய காரியம் என்று லூர்த்தம்மா நினைத்தாள். சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை குசினியில் இருந்த உப்புச் சிரட்டையை எடுத்துக் கூரைத் தாழ்வாரத்தில் செருகியது. புருசனுக்கென்று தனிச் சட்டி வைத்தாள். சொதிக்கு உப்பில்லை. கத்தரிக்காய்க்கு உப்பில்லை. முருங்கையிலையை வெறுந்தேங்காய்ப்பூவோடு வறுத்தாள். தேசிக்காய் பிழிந்தாள், மிளகு கூட்டினாள். கஞ்சியில் ஒரு உப்புக்கல் போடலாமோ என்று ஒருநாள் யோசித்துவிட்டு, யோசித்ததற்கே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

உப்பில்லாத சோறு நீக்கிலாப்பிள்ளைக்குத் தொண்டையால் இறங்கவில்லை. வாயில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். அதற்காக அவள் ஒரு துண்டு ஒட்டி மீன் கருவாட்டைத் தணலில் சுட்டுச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைப்பாள். அதைக் கடித்துக்கொண்டு மனிசன் சோற்றை ஒருமாதிரி முடித்துவிடுவார். மத்தியானம் ஒரு துண்டு, இரவு ஒரு துண்டு. சில நாளைக்குக் காலமைக் கஞ்சிக்கும்.

கருவாட்டுக்கு அந்த வீட்டில் குறைவில்லை. வேறு எல்லாவற்றுக்கும் குறைவு. சண்டையால் ஆழக்கடலுக்குப் போகத் தடை. தேவராசா வேலை செய்கிற வள்ளம் அடைக்கலநாதன் சம்மாட்டியுடையது. அது மரக்கோலால் தாங்கித் தள்ளி, கரை தெரிகிற தூரத்துக்குள் வலையை விட்டு, ஹெலிச் சத்தம் கேட்டால் வலையையும் விட்டுவிட்டு ஓடிவரும். நல்ல மீன் கரையிலேயே விலைப்பட்டுவிடும். ஐஸ் இல்லை, கொழும்புக்கு அனுப்ப லொறி இல்லை. விலைப்படாமல் மிஞ்சியதை லூர்த்தம்மா வாங்கி உப்பிட்டுக் காயவைத்து, கடகத்தில் சுமந்து திருநெல்வேலிச் சந்தை வரைக்கும் கொண்டுபோய் விற்பாள். மகள் பெர்னடெட் கம்பசில் படித்து முடித்ததும் அந்தக் கடகத்தால்தான். பச்சை மீன் பிடிக்கிற வீட்டில் பச்சை மீன் சமைப்பது அரிது. வெளியாட்களுக்கு இது விளங்காது. கடற்கரையில் இருக்கிறவன் மூன்று நேரமும் துள்ளத் துடிக்க மீன் தின்கிறான் என்று ஊரிலே கதை. அவன் விற்றதைத்தான் மற்றவர்கள் தின்கிறார்கள்.

கால் வீக்கம் வற்றத் தொடங்கியது மாதிரி இருந்து, பிறகு ஏறியது. முதலில் செருப்பு போகவில்லை. பிறகு விரல்களுக்கு இடையில் இடைவெளி போய்விட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் சாய்மனைக் கதிரையிலேயே கிடந்தார். குளிசை விட்டாரோ என்று பெர்னடெட் தகப்பனைக் குறுக்கு விசாரணை செய்தாள். அவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

"விழுங்கினனான். பார், உள்ளுக்கை விட்டுப் பார்."

"தண்ணி கூடக் குடிக்கிறியளோ?"

"குடிக்கத் தாகமாய்த்தான் கிடக்கு. உன்ரை கொம்மா செம்பை ஒளிச்சு வைச்சிருக்கிறாள்."

தாகம் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெயில்காலம், தாகம் வரும்தானே.

ஒருநாள் விடியப்புறம் அவருடைய வாய்ச் சொண்டு நீலம்பாரித்துவிட்டது. மறுபடியும் சைக்கிள் பார். மறுபடியும் அதே வாட்டு, இந்த முறை கட்டிலுக்குக் கீழே பாயில். ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, மத்தியானத்துக்குள் மூச்சு முட்டல் இறங்கியது. டொக்டர் வந்து பெருவிரலால் கணைக்காலை அமத்தினார். குழி விழுந்து அப்படியே கிடந்தது.

"உப்பைக் குறைக்கச் சொன்னனான் எல்லே?"

"கறிக்கு ஒரு கல்லுப் போடுறேல்லை ஐயா," என்றாள் லூர்த்தம்மா.

அவர் நம்பவில்லை. முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. "உங்கடை ஆக்களுக்கு ஒருக்காச் சொன்னால் விளங்காது. நாக்குத்தான் உங்களுக்குப் பெரிசு," என்றார்.

பெர்னடெட் தகப்பனின் தலைமாட்டில் இருந்து எழும்பினாள். "எங்கடை ஆக்கள் எண்டால் ஆர் டொக்டர்?"

டொக்டர் அவளைப் பார்த்தார். கடற்கரைக் கிழவனுடைய பாயருகில் இப்படிக் கேட்கிற ஒரு பெட்டை இருப்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மகள் பின்னால் போகாதபடி லூர்த்தம்மா அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். அவளுக்கு டொக்டரில் கோபம் வரவில்லை. தான் செய்த வேலையைச் செய்யவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டாரே என்றுதான் நெஞ்சு எரிந்தது. உப்புச் சிரட்டையைத் தொடாத கை அது. சத்தியம் பண்ணுவதற்கும் அவள் தயார். ஆனால் அங்கே சத்தியத்தை வாங்க ஆளில்லை.

பின்னேரம் குணலட்சுமி என்ற நேர்ஸ் வந்தாள். மெலிந்த பெட்டை, புத்தூரிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வந்துபோகிறவள். மூக்குக் குழாயைச் சரிசெய்துவிட்டு, அவசரமில்லாதவள் போலக் கட்டிலின் இரும்பில் சாய்ந்துகொண்டு, வீட்டிலே இவருக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்காத கேள்வி அது. லூர்த்தம்மா காலமையில் இருந்து தொடங்கினாள். கஞ்சி, சோறு, உப்பில்லாத சொதி, உப்பில்லாத கத்தரிக்காய், உப்பில்லாத முருங்கையிலை.

"உப்பில்லாமல் இவர் எப்பிடியம்மா சாப்பிடுறார்? என்னாலை ஒரு வாய் ஏலாது."

"ஒரு துண்டு கருவாடு வைப்பன் பிள்ளை. அதோடை தின்னுவார்."

குணலட்சுமிக்கு அது உடனே பிடிபடவில்லை. "எங்கடை வீட்டிலை மச்சம் சமைக்கிறேல்லையம்மா. கருவாட்டை நான் தொட்டும் பாக்கேல்லை. அது என்னெண்டு செய்யிறது?"

லூர்த்தம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சைவவீட்டுப் பிள்ளை ஒன்று மூக்கைப் பொத்தாமல் கருவாட்டைப் பற்றிக் கேட்கிறது. டொக்டரிடம் இழந்ததை இவளிடம் மீட்டுவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்கலாம். கையை நீட்டி, விரலை மடக்கி, வடிவாகச் சொன்னாள். ஒட்டியெண்டால் முதுகுப் பக்கத்தாலை கீறவேணும். குடலும் செவுள் பூவும் எடுத்துக் கடல்தண்ணியிலை அலசவேணும். கீறின இடமெல்லாம் உள்ளுக்கை கைவிட்டு உப்பை அடைக்க வேணும், கஞ்சத்தனம் பண்ணினால் புழு வைச்சிடும். பேந்து பீப்பாவுக்கை ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு, ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு. மேலை கல்லு வைச்சு அமத்தி விடவேணும்.

"எவ்வளவு உப்பம்மா போகும்?"

"நாலு கடகம் மீனுக்கு ஒரு கடகம்..."

நீட்டிய கை நீட்டியபடி நின்றது. பிறகு அதை மடிக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

குணலட்சுமி பெர்னடெட்டைப் பார்த்தாள். பெர்னடெட் நிலத்தைப் பார்த்தாள். அவளும் அதே கோப்பை ஓரத்தில் அதே கருவாட்டைப் பிறந்த நாள் முதல் தின்று வளர்ந்தவள். அந்த வீட்டில் உப்பு என்பது சிரட்டையில் இருப்பது. கருவாடு என்பது மீன். மீனை உப்பென்று எண்ண அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உப்பைக் குறை என்று சொன்னவருக்கும், யாருக்குச் சொல்கிறோம் என்று நின்று பார்க்கத் தோன்றவில்லை.

"இனிக் குடுக்காதேங்கோ அம்மா," என்றாள் குணலட்சுமி மெல்ல. ஊறப்போட்டுக் கழுவிக் கொடுக்கலாமா என்று லூர்த்தம்மா கேட்டதற்கு, எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருக்கும், வேண்டாம், பச்சை மீன் என்றால் கொடுங்கோ என்றாள். இன்னொருமுறை நெஞ்சில் நீர் கட்டினால் இந்த இருதயம் தாங்காது என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது பெர்னடெட் சொன்னாள்: "அம்மா, நீ வேணுமெண்டே செய்தனி? விடு."

"வேணுமெண்டுதான் செய்தனான். மனிசன் ருசியாத் தின்னவேணும் எண்டு நல்ல துண்டாப் பாத்து எடுத்து வைச்சனான்."



இரண்டாம் முறை துண்டு வெட்டி வந்த நீக்கிலாப்பிள்ளையின் முன்னால் கருவாடு இல்லாத கோப்பை வந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன, பெரியவெள்ளி நோன்பு வந்திட்டுதோ?"

லூர்த்தம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கருவாடு தின்று செத்தவன் குருநகரில் எவன் என்று கேட்டார். இரண்டு வாய் தின்றார். கோப்பையைத் தள்ளிவிட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் ஒரு வாயோடு நின்றுவிட்டது. வீக்கத்துக்குள்ளே மனிசன் வற்றத் தொடங்கினார்; தோள் எலும்பு கிளம்பி வர, கால் மட்டும் தடித்தபடி கிடந்தது. பசியால் போகப்போகிறாரோ நீரால் போகப்போகிறாரோ என்று லூர்த்தம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டில் ஒன்று நடக்கும் என்பது மட்டும் தெரிந்தது. பச்சை மீன் வேண்டும்.

தேவராசாவுக்குக் கறிமீன் கிடைக்கும். வள்ளத்தில் கால் வைத்தவனுக்கும் வலையில் கை வைத்தவனுக்கும், விலை பேசுவதற்கு முன்பு, அன்றைய கறிக்கென்று ஒரு பிடி மீன் ஒதுக்கிக் கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம். அதற்குச் சம்மாட்டியும் குறுக்கே நிற்கமாட்டார். ஆனால் தேவராசாவின் பிடி மீன், அதே வளவில் தனிக்குசினி வைத்திருக்கிற அவனுடைய பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் காணாது. அதில் பாதியை அவன் கொண்டுவந்து வைத்தபோது நீக்கிலாப்பிள்ளை, குஞ்சுகளின் வாயில் இருப்பதைப் பிடுங்கித் தின்னமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

லூர்த்தம்மா கரைக்குப் போனாள். அடைக்கலநாதன் சம்மாட்டி கெட்ட மனிசனில்லை. நீக்கிலாப்பிள்ளையோடு ஒரே வள்ளத்தில் இளவயதில் தொழில் செய்தவர். கேட்டதும் இரண்டு நல்ல ஓரா மீனை எடுத்து அவளுடைய பையில் போட்டு, அண்ணைக்குக் கொடுங்கோ என்றார். அவள் ஓடிவந்து புளியும் மிளகும் உள்ளியும் விட்டுச் சமைத்தாள். வாசம் வீடு முழுக்க நின்றது. நீக்கிலாப்பிள்ளை கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆர் தந்த மீன்?"

"சம்மாட்டி தந்தவர்."

"என்னத்துக்கு?"

அவளுக்குப் பொய் வரவில்லை. "சும்மாதான். உங்களுக்கெண்டு தந்தவர்."

"கால் வைக்காத வள்ளத்து மீன் பிச்சை," என்று கோப்பையைக் கீழே வைத்தார்.

பெர்னடெட்டுக்குப் பொறுக்கவில்லை. "பிச்சையெண்டால் பிச்சை. நீங்கள் போடுற குளிசையும் செஞ்சிலுவைக்காரன் கப்பலிலை கொண்டுவந்து தாற பிச்சைதான். அதை மட்டும் என்னெண்டு விழுங்கிறியள்?"

"அது வாயிலை கைக்குது மோனை. கைக்கிற பிச்சையை வாங்கலாம்."

தகப்பனில் அவளுக்கு வந்த கோபத்தில் கண் கலங்கிவிட்டது. ஒரு மனிசன் சாவதற்கும் இருப்பதற்கும் இடையில் இரண்டு ஓரா மீன் கிடக்கிறது. அவர் வழக்கம் கதைக்கிறார். லூர்த்தம்மா அழவில்லை. ஓராவைத் தேவராசாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பவும் கரைக்குப் போனாள்.

இந்த முறை அவள் மீன் கேட்கவில்லை. கடலடிப் பாருக்கல்லில் இழுபட்டுக் கிழிந்து, பொத்த ஆளில்லாமல் வாடிக் கொட்டிலுக்குள் குவிந்து கிடந்த வலைகளில் ஒன்றைக் கேட்டாள்.

சம்மாட்டி திகைத்தார். "என்ன அக்கா கதைக்கிறியள்? ஆஸ்பத்திரியாலை வந்த மனிசனிட்டை வேலை வாங்கினால் ஊர் என்ன சொல்லும்?"

"வாங்காட்டில் அவர் செத்துப்போவார். அப்ப ஊர் என்ன சொல்லும்?"

அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு வாடிக்குள் போய் வலையை அவரே இழுத்துக்கொண்டு வந்தார். தூக்கிவிட ஆள் அனுப்புகிறேன் என்றதையும் கேளாமல் லூர்த்தம்மா அதைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். கருவாட்டுக் கடகம் சுமந்த தலை. நைலோன் வலை பாரமில்லை. ஆனால் காய்ந்த பாசியும் நண்டுக் காலும் கழுத்தில் குத்திக்கொண்டே வந்தன.

வலையைச் சாய்மனைக் கதிரையின் முன்னால் போட்டபோது நீக்கிலாப்பிள்ளை கிழிந்த இடத்தை விரலால் விரித்துப் பார்த்தார். பிறகு வலை ஊசியும் நூலும் கொண்டுவரச் சொன்னார். வீங்கிய கால் ஸ்டூலுக்கு மேலே தூக்கி வைத்தபடி இருக்க, அதன் பெருவிரலில் வலையைக் கொழுவி இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தத் தொடங்கினார். நாலு வலைக்கண் பொத்துவார், கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார், எழும்பி மறுபடி நாலு கண். இந்த வேகத்தில் வலை கடலுக்குப் போக நத்தார்ப் பண்டிகை வந்துவிடும் என்று பார்த்த தேவராசா, தகப்பன் தூங்கும் நேரமாகப் பார்த்து ஒரு முழம் பொத்தி வைத்தான். விழித்துப் பார்த்த கிழவன், இது எந்த ஆடு போட்ட புழுக்கை என்று மகனுடைய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினார். வேலை இன்னும் பிந்தியது.

ஆனாலும் வலையில் கை வைத்தாயிற்று. அன்றைய மீன் வந்தபோது அடைக்கலநாதன் சம்மாட்டி, எல்லோருக்கும் முன்னால், நீக்கிலாஸ் அண்ணையின்ரை கறிமீன் என்று சத்தமாகச் சொல்லித் தேவராசாவின் கையில் கொடுத்துவிட்டாராம். மணலை இரண்டும் ஒரு சின்னத் திரளியும். லூர்த்தம்மா உப்பில்லாமல் புளிவிட்டு ஆக்கினாள். நீக்கிலாப்பிள்ளை முள்ளை எடுத்து எடுத்துத் தின்றார், கோப்பையை வழித்தார்.

"கடலுக்கை கிடந்து வந்த மீன் இப்பிடிச் சப்பெண்டு கிடக்குது," என்றார் கையைக் கழுவும்போது. "ஆரும் நம்புவினமோ?"

"நம்பாட்டில் விடட்டும். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?"

"போடு."

கால் ஒரேயடியாக வற்றிவிடவில்லை. இருதயம் புதிதாக வந்துவிடவும் இல்லை. சில நாளைக்கு மீனே இல்லாமல் வள்ளம் வரும். அன்றைக்கு மரக்கறிச் சோற்றோடு ஒரு சண்டை நடக்கும். ஆனால் செருப்புப் போனது. இரவில் பாயில் தலையணை உயர்த்திப் படுக்க முடிந்தது. கிளினிக் நாள் வந்தபோது அவர் சைக்கிள் பாரில் இருந்து தானாகவே இறங்கி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

அதே டொக்டர்தான். காலை அமத்திப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், முகம் தெளிந்தது. "பாத்தியளோ? சொன்னபடி கேட்டால் இப்பிடித்தான்," என்றார்.

பெர்னடெட் வாயைத் திறப்பதற்கு முன்பே லூர்த்தம்மா அவளுடைய கையை அமத்தினாள். ஆனால் அவள் விடவில்லை. கோபத்தை விழுங்கி, மரியாதையாகவே சொன்னாள்.

"டொக்டர், இவரை ரெண்டாந்தரம் இஞ்சை கொண்டுவந்தது கருவாடு. கரையிலை இருந்து வாற ஆக்களுக்கு உப்பெண்டு மட்டும் சொன்னால் காணாது. கருவாடெண்டு சொல்லுங்கோ."

அவர் தலையை ஆட்டினார், கேட்டவர் போலத்தான். "உப்பெண்டால் எல்லா உப்பும்தானே தங்கச்சி," என்றார். குளிசையை எழுதிக் கொடுத்தார். வாசலில் நின்றவன் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டான்.

பெர்னடெட் குளிசை எடுக்கும் வரிசைக்குப் போனாள். நீக்கிலாப்பிள்ளையை விறாந்தை வாங்கில் இருத்திவிட்டு லூர்த்தம்மா பக்கத்தில் நின்றாள். அறைக்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போயிருந்த கிழவனுக்கு டொக்டர் சொல்வது கேட்டது. உப்பைக் குறைக்கவேணும். தண்ணி அளவாத்தான். குளிசையை விடக்கூடாது. மாதம் ஒருக்கால் வாங்கோ.

கிழவனைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிசி வெளியே வந்தாள். பாஷையூர்க் கரைப் பக்கத்து மனிசியாக இருக்கவேண்டும். கழுத்தில் செபமாலை, விரல் இடுக்குகளில் உப்புத் தின்ற வெடிப்பு. கிழவனின் கால் இரண்டும் சாரத்துக்குக் கீழே பூசணிக்காய் மாதிரிப் பளபளத்தன.

"தங்கச்சி," என்று கூப்பிட்டாள் லூர்த்தம்மா. "இவருக்கு வீட்டிலை என்ன சாப்பாடு குடுக்கிறனி?"

அந்த மனிசிக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னை இன்னொருத்தியும் குற்றம் சொல்ல வந்துவிட்டாள் என்று அவள் நினைத்தது முகத்திலே தெரிந்தது.

"மாதாவாணை, நான் கறிக்கு உப்புப் போடுறேல்லை அக்கா. ஒரு கல்லுப் போடுறேல்லை. டொக்டர் நம்புறாரில்லை."

"நான் நம்புறன்," என்றாள் லூர்த்தம்மா. நீக்கிலாப்பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லி, வாங்கில் இடம் பண்ணி, அவளைக் கையைப் பிடித்து இருத்தினாள். "அழாதை. உப்பில்லாத சோறு மனிசனுக்கு இறங்காதே. அதுக்கு என்ன வைக்கிறனி?"

"அதுக்கோ?" அந்த மனிசி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "அதுக்கு ஒரு துண்டு கருவாடு சுட்டு வைப்பன். வேறை ஒண்டுமில்லை."